நல்லம்மாக்கா பூட்டி வைத்த பாஸ்போர்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்லம்மாக்கா மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் பதினோரு வருஷமாக அவள் பக்கத்து வீடு. என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு முன்னால் அவள்தான் ஓடி வருவாள். அதெல்லாம் சரி. ஆனால் அடுத்தவன் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிற புத்தி யாருக்காவது வருமா? அவளுக்கு வந்தது. அது ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும் என்பதால் வாய் நிறையத் திட்டவும் முடியவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

நல்லம்மாள் பந்திங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். பிறந்ததைப் பதிவதற்கு டவுனுக்குப் போகவேண்டும், போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று அவள் அப்பன் போகவில்லை. அப்புறம் போகலாம், அப்புறம் போகலாம் என்றே அந்த மனுஷன் செத்தும் போனார். அதனால் என்ன ஆயிற்று? இந்த மண்ணிலேயே பிறந்து, இதைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாதவள், வெளியிலிருந்து வந்து தங்கியவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசியைத்தான், அதாவது சிவப்பு அடையாள அட்டையைத்தான், வாங்கினாள். மருத்துவமனைத் துணிகளை வெளுக்கிற ஒரு கம்பெனியில் இருபத்து நாலு வருஷம் வேலை. குடியுரிமை கேட்டு நாலு தடவை மனுப் போட்டாள். மூன்று தடவை இல்லை என்று கடிதம் வந்தது. நாலாவது தடவை, ஐம்பத்திரண்டு வயதில், குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்தது. அன்றைக்கு எங்கள் மாடி முழுக்கப் பாயாசம் கொடுத்தாள்.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. சிவப்பு ஐசி காலத்தில், ஒரு நாள் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் கைப்பையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐசியும் போயிற்று. புதிதாக ஒன்று கைக்கு வர மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷமும் சட்டைத் தோளில் பட்டி வைத்த சீருடைக்காரர் யாரைக் கண்டாலும், தபால்காரனைக் கண்டால்கூட, கதவுக்குப் பின்னால் போய் நிற்பாளாம். அதனால் நீல ஐசி வந்த நாளிலிருந்து அதை அவள் வெளியே எடுத்ததே இல்லை. மஞ்சள் துணியில் சுற்றி, இரும்பு அலமாரியின் உள் லாக்கரில் வைத்து, சாவியைக் கறுப்புக் கயிற்றில் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கைப்பையில் இருப்பது போட்டோஸ்டேட் மட்டும். அதுவும் லேமினேட் பண்ணியது.

“ஒரிஜினல கையில வச்சிருக்கணும்க்கா, அதான் சட்டம்,” என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

“ஒரிஜினல் வீட்ல இருக்குல்ல, போதும்டி,” என்பாள். அவளோடு யார் மல்லுக்கட்டுவது?

இந்த வீட்டுக்குத்தான் மத்தியூவைக் கொண்டுவந்து விட்டேன். ஆமாம், நான்தான். நல்லம்மாக்காவின் மகள் லோகேஸ்வரி ஜோகூரில் தங்கி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறாள். அவள் அறை சும்மா கிடந்தது. பிரிக்பீல்ட்ஸில் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிற டீச்சர் ஒருத்தி என் தோழி. வகுப்பில் சேர வெளிநாட்டிலிருந்து ஒரு பையன் வருகிறான், மூன்று மாதம் தங்க நல்ல வீடு வேண்டும் என்றாள். அமெரிக்காவா, லண்டனா என்று கேட்டேன். ரீயூனியன் என்றாள். மொரீஷியஸுக்குப் பக்கத்தில், பிரான்சுக்குச் சொந்தமான தீவாம். நம்மைப் பால்மரம் சீவ இங்கே கொண்டுவந்த மாதிரி, அவன் பாட்டன் பூட்டனைக் கரும்பு வெட்ட அங்கே ஏற்றிப் போயிருக்கிறார்கள். பெயர் மத்தியூ சுப்பாயா. இருபத்தேழு வயது, கரண்டு வேலை செய்பவன். பிரெஞ்சு தெரியும், தீவுப் பேச்சு தெரியும், இங்கிலீஷ் ‘யெஸ், நோ, ஹௌ மச்’ வரைக்கும்தான். தமிழ் சுத்தமாக இல்லை.

வந்த அன்றே கலாட்டா. கதவைத் திறந்த நல்லம்மாக்காவின் இரண்டு கன்னத்திலும் தன் கன்னத்தை ஒற்றி முத்தம் கொடுத்தான். அவர்கள் ஊரில் வணக்கம் சொல்வது அப்படித்தானாம். அக்கா துள்ளிப் பின்னால் போய்ச் செருப்பு அடுக்கின்மேல் விழுந்தாள்.

“இன்னொரு தடவ கிட்ட வந்தான்னா தொடப்பக்கட்டதான், சொல்லி வை அவன்கிட்ட!”

கைபேசியில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் முகம் சிவந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வாசலிலேயே நின்றான். அவளுக்கே பாவமாகிவிட்டது. உள்ளே கூட்டிப் போய்ச் சோறு போட்டாள். அதிலும் தகராறு. அவள் நின்று பரிமாற, அவனும் எழுந்து நின்றுகொண்டான். அவள் உட்கார்ந்தால்தான் சாப்பிடுவானாம். மூன்று நாள் இந்த இழுபறி நடந்தது. நாலாம் நாள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். புருஷன் பரமேஸ்வரன் இருந்த காலத்தில்கூட அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

வெள்ளைக்காரனாக இருந்தால் ஊர் பார்த்துப் பார்த்துச் செய்யும். வழி தெரியாமல் நின்றால் நாலு பேர் வருவார்கள். இவனோ கறுப்பாக, சுருட்டை முடியோடு, கிள்ளானில் யார் வீட்டுப் பையன் என்றாலும் நம்பலாம். பஸ்காரர் மலாயில் கத்துவார், கடைக்காரர் தமிழில் கேட்பார், இவன் தலையை ஆட்டிச் சிரிப்பான். “என்னா லா, தமிழ் மூஞ்ச வச்சிக்கிட்டு தமிழ் தெரியாதாம், ஓவர் ஸ்டைலு,” என்று கீழ் வீட்டுக் குகன் என் காதுபடவே சொன்னான். பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாயைக் கறியில் தொடாமல் காப்பியில் முக்கிச் சாப்பிட்டான். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த தேத்தண்ணியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். என்னவென்று கேட்டேன். கைபேசியில் நீளமாக எழுதிக் காட்டினான். ‘எங்கள் தீவில் என்னை மலபார் என்பார்கள். நீ இந்த ஊர்க்காரன் இல்லை, உன் ஆட்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே வந்தால் என் ஆட்களைப் பார்ப்பேன் என்று ஆறு வருஷம் பணம் சேர்த்தேன். எல்லோரும் என்னிடம் ஏதோ கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.’ படித்துவிட்டு நல்லம்மாக்காவிடம் தமிழில் சொன்னேன். அவள் உள்ளே போய் அவனுக்கு இரண்டு முட்டை பொரித்துக்கொண்டு வந்தாள்.

ஆறாம் நாள் எங்கள் மாடியில் ஒருத்தியின் கைப்பையைச் சந்து முனையில் மோட்டார் சைக்கிள்காரன் அறுத்துக்கொண்டு போனான். நல்லம்மாக்கா விஷயத்தைக் கேட்டதும் நேராக மத்தியூவிடம் போனாள். கையை நீட்டி, “பாஸ்போர்ட்டு,” என்றாள். ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டான். அவ்வளவு நம்பிக்கை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் முதல் பக்கத்தைப் போட்டோஸ்டேட் எடுத்து, லேமினேட் பண்ணி, ஓட்டை போட்டு, கயிறு கட்டி அவன் கழுத்தில் மாட்டினாள். ஒரிஜினல் அலமாரிக்குள் போயிற்று.

“அக்கா, வெளிநாட்டுக்காரன் பாஸ்போர்ட்ட எப்பவும் கையில வச்சிருக்கணும். நாளைக்கி செக்கிங் வந்தா என்னா செய்வே?”

“தொலஞ்சா நீ வாங்கித் தருவியா? மூனு வருசம் ஆவும்டி. மூனு வருசம் அந்தப் பையன் எங்க போய் நிப்பான்?”

அவள் கண்ணில் அந்தப் பழைய பயத்தைப் பார்த்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. காலையில் மத்தியூ கொமுட்டர் ரயிலேறி வகுப்புக்குப் போனான். நான் பந்திங்கில், வேலையில் இருந்தேன். இனிமேல் சொல்வதெல்லாம் அக்கா சொன்னதும், அவன் கைபேசியில் எழுதிக் காட்டியதும், பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் அய்யாவு அண்ணன் சொன்னதும்தான். மூன்றும் ஒத்துத்தான் போகின்றன.

பத்து மணிக்குக் குடிநுழைவு அதிகாரிகள் பிரிக்பீல்ட்ஸ் சேலைக்கடைத் தெருவின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டார்கள். பெர்மிட் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தேடி நடந்த சோதனை. ஐசி வைத்திருந்தவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். மத்தியூவிடம் மலாயில் கேட்டார்கள். முழித்தான். கூட இருந்த இந்திய அதிகாரி தமிழில் கேட்டார். அதற்கும் முழித்தான். பிரெஞ்சில் பதில் சொன்னான். பார்த்தால் தமிழ்ப் பையன், பேச்சு வேறு என்னவோ. கழுத்தில் லேமினேட் பண்ணிய காகிதம், அதில் நாட்டுக்குள் வந்ததற்கான முத்திரை எதுவும் இல்லை. யார்தான் நம்புவார்கள்? நாற்பது பேரோடு வெயிலில் குந்த வைத்துவிட்டார்கள்.

அக்காவுக்கு வெகுநாளாகத் தெரிந்தவரும், அவனை வகுப்புக்குப் போகும்போதெல்லாம் பார்த்துப் பழகியவருமான அய்யாவு அண்ணன்தான் அக்காவைக் கைபேசியில் கூப்பிட்டார். “அக்கா, ஒங்க வீட்டுப் பையன உக்கார வச்சிட்டாங்க. பாஸ்போர்ட்டு கேக்குறாங்க. சீக்கிரம் வாங்க!”

நல்லம்மாக்கா அலமாரியைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்து, திரும்பப் பூட்டி, நைட்டிமேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். ரயிலில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றாள். பாதி வழியில், சுபாங் ஜெயா ஸ்டேஷன் வரும்போது அய்யாவு அண்ணன் மறுபடி கூப்பிட்டார்.

“ஆள ஏத்துற லோரி வந்து நின்னுருச்சுக்கா. பன்னெண்டு மணிக்கு எடுத்துருவாங்களாம். எங்க இருக்கீங்க?”

“சுபாங்தான் அண்ணே. ஏத்த விடாதீங்க. கால்ல விழுந்தாச்சும் நிப்பாட்டி வைங்க!”

“நான் என்னாக்கா சொல்ல முடியும், ஆபிசருங்ககிட்ட?”

அவள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். மத்தியூ இருந்த வரிசையை எழுப்பி நிறுத்தியிருந்தார்கள். முன்னால் ஏழெட்டுப் பேர்தான், அப்புறம் லோரி. அவன் முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவன் கையைத் தூக்கினான். ஒரு காவலர் கையை இறக்கச் சொன்னார். பட்டி வைத்த சட்டைகளைக் கண்டால் ஒளிகிறவள், அன்றைக்குத் தடுப்புக் கயிற்றைக் கையால் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள்.

மேசையில் இருந்தவர் தலையில் துடோங் முக்காடு கட்டிய ஓர் இளம்பெண். மரியாதையாகத்தான் பேசினார். மலாயில் நடந்த பேச்சை நான் தமிழிலேயே சொல்கிறேன், வயதான பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற ‘மக்சிக்’கை மட்டும் அப்படியே விட்டுவிட்டு. பாஸ்போர்ட்டை வாங்கிக் கணினியில் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மத்தியூவை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டு, பாஸ்போர்ட்டை அவன் கையிலேயே கொடுத்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

“இது இவ்வளவு நேரம் யாரிடம் இருந்தது, மக்சிக்?”

“என்கிட்டதான். பத்திரமா இருக்கட்டும்னு.”

“அடுத்தவர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள்தான் இப்படிச் செய்வார்கள். இவர் உங்களிடம் வேலை செய்கிறாரா?”

“ஐயோ, இல்லம்மா! என் வீட்ல தங்கியிருக்கான். சோறு போடுறேன்.”

“சரி. உங்கள் ஐசி?”

அப்போதுதான் நல்லம்மாக்காவுக்கு உறைத்தது. கைப்பையைத் திறந்தாள். லேமினேட் பண்ணிய போட்டோஸ்டேட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அதே அலமாரியைத் திறந்தாள். கையை இன்னும் ஒரு சாண் உள்ளே விட்டிருந்தால் தன் ஐசியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஏழு வருஷமாக எடுக்காத பழக்கம்.

கைரேகை பார்க்கிற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். வலது கட்டைவிரல், சிவப்பு விளக்கு. இடது கட்டைவிரல், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். மருத்துவமனைத் துணியும் குளோரினும் இருபத்து நாலு வருஷத்தில் அவள் ரேகையைத் தின்றுவிட்டிருந்தன. அதிகாரி பெருமூச்சு விட்டார். மூன்றரைக்கு அடுத்த வண்டி கிளம்பும், அதற்குள் ஒரிஜினல் வந்தால் சரி, வராவிட்டால் மக்சிக் எங்களோடு ஆபீசுக்கு வரவேண்டும், பாஸ்போர்ட் விஷயத்தையும் அங்கேயே விசாரிப்போம் என்றார். வயதைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போடச் சொன்னார்.

உட்கார்ந்ததும் என்னைத்தான் கூப்பிட்டாள்.

“வாணி, என்னய உக்கார வச்சிட்டாங்கடி.”

விஷயத்தைக் கேட்டு எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. இப்போது கத்தி என்ன ஆகப் போகிறது? “குகன் வீட்லதான் இருப்பான். அலமாரிய ஒடச்சி எடுத்துட்டு வரச் சொல்றேன்,” என்றேன்.

“ஒடச்சான்னா அவன் கைய ஒடச்சிருவேன். உள்ள எம் மக லோக்காவோட நகை இருக்கு. எம் மானமே அதுக்குள்ளதான்டி இருக்கு!”

“அப்ப நான் பந்திங்லேர்ந்து வந்து, சாவிய வாங்கி, திரும்பக் கிள்ளான் போயி… எப்பக்கா முடியும்?”

“இந்தப் பையன அனுப்பவா?” என்றாள்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறைத்து என்ன பயன்? “பைத்தியமாக்கா ஒனக்கு? அவன் வந்து ஒம்போது நாளு. ஒரு வார்த்த புரியாது. ரெண்டு மணி நேரம் வெயில்ல குந்தியிருந்தவன், இப்ப பாஸ்போர்ட்டு கைக்கு வந்திருச்சு. திரும்பி வருவான்னு நம்புறியா?” அவள் கைபேசியை வைத்துவிட்டாள்.

கழுத்திலிருந்து கறுப்புக் கயிற்றைக் கழற்றினாள். மகளுக்குக்கூடக் கொடுக்காத சாவி. போட்டோஸ்டேட்டைக் காட்டி, சாவியைக் காட்டி, “வீடு. அலமாரி. ஒரிஜினல்,” என்றாள். கைக்கடிகாரத்தில் மூன்றரையைத் தொட்டுக் காட்டினாள். லோரியைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். மத்தியூ அவளைப் பார்த்தான், லோரியைப் பார்த்தான், சாவியை வாங்கிக்கொண்டு கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் ஓடினான். அவன் கைபேசி காலையிலேயே சார்ஜ் தீர்ந்து செத்துவிட்டது. போனவன் எங்கே இருக்கிறான் என்று கேட்க ஒரு வழியும் இல்லை.

முதல் லோரி போயிற்று. ஒரு மணி ஆனது, இரண்டு மணி ஆனது. அய்யாவு அண்ணன் வாங்கிக் கொடுத்த சிராப் தண்ணீர் ஐஸ் கரைந்து அப்படியே இருந்தது. பக்கத்துச் சேலைக்கடைக்காரி வாசலில் நின்று பேசினாள். “பாஸ்போர்ட்டும் கையில, நகை வச்ச அலமாரி சாவியும் கையில. அதே ஸ்டேஷன்லேர்ந்து ஏர்போர்ட்டுக்கு ரயிலு போவுது. யாருதான்க்கா திரும்பி வருவா?”

“வரலன்னா அவன் மேல தப்பு இல்ல,” என்றாள் நல்லம்மாக்கா. “அவன அங்க குந்த வச்சது நானு.”

வாய் அப்படிச் சொன்னதே தவிர கண் ஸ்டேஷன் பக்கத்தைவிட்டு அகலவில்லை. அவளுக்கு லோரி பயமில்லை, நகை பயமும் இல்லை. ஆபீசுக்குப் போனால் பழைய ஃபைலை எடுப்பார்கள். எடுத்தால் எங்காவது ஒரு பிழையைக் கண்டுபிடிப்பார்கள். அப்பன் பெயரில் ஓர் எழுத்து, பிறந்த தேதியில் ஒரு நாள். தெரியாமல் கொடுத்துவிட்டோம் என்று நீல ஐசியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் சிவப்பு, அப்புறம் நாலு மனு. இந்த வயதில் இன்னொரு தடவை என்னால் முடியாது என்று முருகனிடம் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாளாம். பந்திங்கில் நானும் ஒரு வேலையும் ஓடாமல் கைபேசியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியூ பட்ட பாடு தனி. ஓடிப்போய் ஏறிய பெட்டி பெண்களுக்கு மட்டுமான பெட்டி. உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட, எதற்கென்று புரியாமல் நாலு பக்கமும் கும்பிட்டிருக்கிறான். ஓர் அம்மா ஜன்னலில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புப் படத்தைக் காட்டியதும் அடுத்த ஸ்டேஷனில் குதித்து, பக்கத்துப் பெட்டிக்கு ஓடி, கதவு மூடுமுன் நுழைந்தான். கிள்ளானில் இறங்கி வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால், லாக்கருக்குள் ஐந்து மஞ்சள் துணி மூட்டை. எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் முடிச்சு மேல் முடிச்சு. ஒன்றைக் கஷ்டப்பட்டு அவிழ்த்தான், உள்ளே மலாய்க் கடிதங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு தலையணை உறையைக் கழற்றி, லாக்கரில் இருந்த அத்தனையையும் அதற்குள் கொட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினான்.

திரும்பி வந்தவன் கே.எல். சென்ட்ரலில் மறுபக்கத்து வாசல் வழியாக வெளியேறிவிட்டான். பேரங்காடிக்குள் சுற்றிச் சுற்றிப் பத்து நிமிஷம் போயிற்று. கடைசியில் வெளியே வந்து, சேலைக்கடைத் தெருப் பக்கம் தலைக்கு மேலே போகிற மோனோரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே ஓடியிருக்கிறான்.

மூன்று இருபத்தைந்துக்கு மேசைகளை மடக்க ஆரம்பித்தார்கள். இரண்டாவது லோரியின் எஞ்சினைப் போட்டாயிற்று. அதிகாரி, “வாருங்கள் மக்சிக், என் வண்டியில் முன்னால் உட்காருங்கள்,” என்றார். நல்லம்மாக்கா எழுந்தாள். அய்யாவு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது தெருக்கோடிக் கோயில் பக்கமிருந்து தலையணை உறையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தன் கத்திக்கொண்டே வருகிறான். பிரெஞ்சில் என்ன கத்தினான் என்று யாருக்குத் தெரியும்? கத்தினான்.

மேசைமேல் அப்படியே கவிழ்த்தான். மஞ்சள் மூட்டைகள், கல்யாணச் சான்றிதழ், புருஷனின் மரணச் சான்றிதழ், லோகேஸ்வரியின் பள்ளிக்கூட ரிப்போர்ட், ஒரு பிஸ்கட் டின். டின் திறந்துகொண்டு சங்கிலியும் வளையலும் நடுத்தெருவில் பளபளவென்று கொட்டின.

“அடப்பாவி! ஒன்னே ஒன்னுதானேடா கேட்டேன்! வீட்டையே தூக்கிட்டு வந்திருக்கியே!” கோபமும் சிரிப்பும் கலந்து அக்கா கத்தினாள். அவன் மூச்சு வாங்க, ‘யெஸ், யெஸ்,’ என்றான்.

அதிகாரி மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடிதங்களைப் பார்த்ததும் கை நின்றது. முதல் மனுவுக்கு வந்த பதில், இரண்டாவது, மூன்றாவது. தோட்டத்து மருத்துவச்சி கைநாட்டு வைத்த காகிதம். ஐசி தொலைந்ததற்குப் போலீஸ் ரிப்போர்ட்டு, அதற்குப் பின்னால் குத்தியிருந்த மூன்று வருஷத்து ரசீதுகள். எல்லாவற்றையும் நின்றபடியே படித்தார். கடைசி மூட்டையில் நீல அட்டை இருந்தது. புதுசு கெடாமல், ஒரு கீறல்கூட இல்லாமல். அதைச் சரிபார்த்து இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்தார்.

“அந்தப் பையனின் பாஸ்போர்ட்டை இனி வாங்காதீர்கள். இதை இனிப் பூட்டி வைக்காதீர்கள். கையில் வைத்திருங்கள், மக்சிக்.”

“தொலஞ்சிட்டா? மறுபடியும் மூனு வருசமா?” என்று கேட்டாள் நல்லம்மாக்கா.

அதிகாரி முதலில் புரியாமல் பார்த்தார். அப்புறம் புரிந்தது. “இல்லை மக்சிக். இப்போது நீங்கள் குடிமகள். தொலைந்தால் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். கட்டணம் கட்டினால் ஒரே நாளில் புதுசு தந்துவிடுவார்கள்.”

“ஒரே நாள்லயா?”

“ஒரே நாளில்.”

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருஷமாக இதை அவளிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டேன். அட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

மத்தியூவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அதிகாரி ஏதோ சொன்னார், அக்கா விழுந்து அழுகிறாள், லோரி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளைத்தான் ஏற்றப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டான். அதிகாரிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்று, சட்டைப்பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான். தன்னைத் தொட்டு, லோரியைக் காட்டினான்.

நல்லம்மாக்கா அழுகையோடு எட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உள்ள வைடா அத! இனிமே எவ கேட்டாலும் குடுக்காத, நான் கேட்டாலும் குடுக்காத!”